இரண்டாவது வாசல்

பத்தாவது தேர்வு முடிவு வந்த வாரத்தில் கோலார் தங்கவயலின் வீடுகளில் ஒரே பேச்சுதான்: அடுத்து என்ன படிக்கிறது? இந்தியாவின் எந்த ஊரிலும் கேட்கிற பேச்சு இது. ஆனால் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் தொழிலாளர் குடியிருப்பு லைன்களிலும் இந்தக் கேள்வி மிகவும் இளையது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மைன்ஸை மூடும்வரை, அந்த லைன்களில் பிறந்த ஆண்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பதில் முன்பே தெரிந்திருந்தது. அப்பா இறங்கிய ஷாஃப்ட்டில் மகனும் இறங்குவான். நாலு எழுத்து படித்திருந்தால் மேலே ஒர்க்‌ஷாப்பிலோ மில்லிலோ ஆபீசிலோ இடம் கிடைக்கும். இல்லையென்றால் அண்டர்கிரவுண்ட். 1964இல் பெமல் என்னும் அரசுத் தொழிற்சாலை வந்தபிறகு சில வீடுகளுக்கு இன்னொரு கதவு திறந்தது. அவ்வளவுதான்.

நான்கைந்து தலைமுறைகள் இப்படிப் போயின. ஆகவே தங்கவயலில் இன்று பதினாறு வயதில் நிற்கிற ஒரு பிள்ளை, தொழிலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அந்தக் குடும்பத்தில் கேட்கப்படுகிற முதல் ஆளாகவோ இரண்டாவது ஆளாகவோ இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன சொல்லலாம், அதைவிட, என்ன கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

இந்த மக்கள் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்கள் என்று யாராவது நினைத்தால் அது பெரும் பிழை. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் சுரங்கக் கம்பெனி இங்கே கால் வைத்தபோது, 1876-78 பஞ்சம் தென்னிந்தியக் கிராமங்களைச் சூறையாடிவிட்டுப் போயிருந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் மக்கள். ஊரில் ஆண்டை அளந்து போட்டதுதான் கூலி. இங்கே வாரம் முடிந்தால் கையில் காசு. ஊரில் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்று அடுத்தவன் சொன்னான். இங்கே வெள்ளைக்காரத் துரையின் கொடுமை உண்டு, ஆனால் அந்தக் கொடுமை ஷிஃப்ட்டோடு முடிந்தது. பூமிக்கு மேலே அடிமையாக இருப்பதா, பூமிக்குக் கீழே கூலியாக இருப்பதா என்ற இரண்டில் ஒன்றைத்தான் அவர்களால் எடுக்க முடிந்தது. எடுத்தார்கள். தங்கவயலின் முதல் தலைமுறை தேர்ந்தெடுத்த தலைமுறை.

அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு பிறவிக் கணக்காக மாறியது. காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. லைனில் இருந்த வீடு கம்பெனியுடையது. வீட்டில் ஒருவரும் மைன்ஸில் வேலை செய்யவில்லை என்றால் அந்தக் கூரை நிலைக்காது. ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. தண்ணீரும் விளக்கும் கம்பெனியுடையவை. அப்பா இருமத் தொடங்கிய ஆண்டில் மகன் வேலைக்குப் போயாக வேண்டும். பாறைத் தூள் நுரையீரலில் படிந்து மூச்சைக் கொல்லும் சிலிகோசிஸ், இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1934இல், இந்த ஊரில்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை பொறுக்காது. அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதை இங்கே ‘ஏர்பிளாஸ்ட்’ என்பார்கள். கீழே அது வெடித்தால் மேலே சமையற்கட்டில் பாத்திரம் ஆடும். பாத்திரம் ஆடியதும் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட்டை நோக்கி ஓடிய கதைகளைக் கேட்டு வளராத பிள்ளை லைன்களில் கிடையாது. ‘எம்புள்ள எறங்கக் கூடாது’ என்று வேண்டிக்கொள்ளாத தாயும் அநேகமாகக் கிடையாது. வேண்டுதல் ஒரு பக்கம், வீட்டுக் கூரை ஒரு பக்கம். கூரைதான் ஜெயித்தது.

தொழிலில் மறுக்கப்பட்ட தேர்வை அவர்கள் மற்ற எல்லாவற்றிலும் செலுத்தினார்கள். தமிழ்ப் பௌத்தத்தை முன்னெடுத்த அயோத்திதாசர் காட்டிய வழியில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்களை அமைத்தார்கள். பிறந்த மதத்தை விட்டுத் தேர்ந்த மதத்தில் வாழ்ந்தார்கள். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பிறகு ஒரு காலகட்டத்தில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. ஷிஃப்ட் முடிந்து, உடம்பில் ஒட்டிய தூசியைக் கழுவிவிட்டு, கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தவர்கள் அந்த வாசகர்கள். பிறகு பெரியார், அம்பேத்கர், பொதுவுடைமைச் சங்கம் என்று ஒவ்வொரு காலத்திலும் எதைப் படிப்பது, யாருடன் நிற்பது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள்.

1930இல் நடந்த ஒரு போராட்டத்தை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. தங்கவயல் மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டங்கள் பல உண்டு, 1946இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலி கொடுத்த போராட்டமும் உண்டு. ஆனால் 1930ஐ நான் தனியாக வைத்துப் பார்க்கிறேன். அதுவரை ஒரு மைன்ஸில் மேஸ்திரியுடன் தகராறு என்றால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மைன்ஸுக்குப் போக முடிந்தது. ரேகை ஒருமுறை பதிவாகிவிட்டால் ஓரிடத்தில் துரத்தப்பட்டவன் எல்லா இடத்திலும் துரத்தப்பட்டவன். அந்த மக்களிடம் இருந்த ஒரே ஒரு தொழில் சுதந்திரம், பிடிக்காத இடத்தை விட்டுப் போகும் சுதந்திரம். அதில் கை வைத்தபோது ஊரே எழுந்தது. தொழிலைத் தேர்ந்தெடுப்பதன் பாதி, அதை விட்டு வர முடிவதில் இருக்கிறது என்பதை அவர்கள் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

2001 வந்தது. பூமியிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்து முடிந்திருந்தது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 45 கிராமுக்கு மேல் கிடைத்த இடத்தில் கடைசியில் 3 கிராம் அளவுக்குத்தான் தேறியது. மூவாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தத் தொகை சிலருக்கு மகளின் கல்யாணமானது, சிலருக்குக் கடன் அடைந்தது, சிலருக்கு மருந்தானது.

மைன்ஸ் மூடப்படும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்த செய்தி அல்ல. பல ஆண்டுகளாகவே நஷ்டக் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அப்படித் தெரிந்தே மூடப்பட்ட சுரங்கப் பகுதிகள் உலகில் வேறும் உண்டு. ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கில் நிலக்கரிக்கு எதிர்காலம் இல்லை என்று 1950களின் கடைசியிலேயே புரியத் தொடங்கியது. அப்போது அந்தப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகம்கூடக் கிடையாது. சுரங்கத்துக்கு வேண்டியது கைகள்தான் என்பது அன்றைய எண்ணம். 1962இல் போஹும் நகரில் பல்கலைக்கழகத்தை நிறுவி 1965இல் வகுப்பைத் தொடங்கினார்கள். 1968இல் டோர்ட்முண்டில், 1972இல் எஸ்ஸனில் அடுத்தடுத்து உயர்கல்வி நிறுவனங்கள் வந்தன. ரூரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது 2018 டிசம்பரில். அதாவது, கடைசிச் சுரங்கம் மூடுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை வேறொன்றாக ஆவதற்கு இடம் கட்டி வைத்துவிட்டார்கள்.

தங்கவயலில் 1986 முதல் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது, சுரங்கப் படிப்புக்கான பள்ளி இருந்தது, பி.யூ. என்னும் புகுமுக வகுப்புக் கல்லூரிகளும் ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சி நிலையங்களும் உண்டு. அவற்றை உருவாக்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மைன்ஸ் போன இடத்தை நிரப்பும் திட்டம் என்று அரசு எதையும் கையில் எடுக்கவில்லை. நிரப்பியது ரயில்.

விடியும் முன்பே மாரிக்குப்பத்திலிருந்து ரயில் புறப்படுகிறது. சாம்பியன், உரிகாம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஆள் ஏறி, பங்காருப்பேட்டையைத் தாண்டும்போது நிற்க இடம் இருக்காது. பெங்களூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சீசன் டிக்கெட் எடுத்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் அந்தப் பெட்டிகளிலேயே போய்விடுகிறது. செக்யூரிட்டி யூனிஃபார்மை மடித்துப் பையில் வைத்திருப்பவர், ஷாப்பிங் மாலில் பில் போடும் பெண், கட்டட வேலைக்குப் போகும் எலக்ட்ரீஷியன், கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் பையன், நர்சிங் படிக்கும் மாணவி. பழைய ஆங்கிலோ-இந்தியப் பள்ளிகளும் கான்வென்டுகளும் இந்த ஊருக்குக் கொடுத்த ஆங்கிலம் பலருக்குச் சோறு போடுகிறது. இதில் எந்த வேலையும் தாழ்ந்ததில்லை. இத்தனை ஆயிரம் பேர் விடியலில் எழுந்து ஓடி, ஒரு ஊரைச் சாக விடாமல் வைத்திருக்கிறார்கள். என் வருத்தம் வேறு: இந்த ரயிலும் பழைய ஷாஃப்ட் போலவே ஆகிவிடக் கூடாது, அப்பா ஏறிய பெட்டியில் பிள்ளையும் ஏறுவதே விதி என்று.

அந்த விதி எங்கே எழுதப்படுகிறது என்று பார்த்தால், பி.யூ.சி. விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டத்தில். கர்நாடகத்தில் பத்தாவது முடித்த பிள்ளை அந்தக் கட்டத்தில் நாலு எழுத்து எழுத வேண்டும். பி.சி.எம்.பி. என்றால் இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல். பி.சி.எம்.சி. என்றால் உயிரியலுக்குப் பதில் கணினி. சி.இ.பி.ஏ. என்றால் வணிகவியல் பக்கம். ஹெச்.இ.பி.எஸ். என்றால் வரலாறு, பொருளியல், அரசியல், சமூகவியல். பதினாறு வயதில் எழுதும் இந்த நாலு எழுத்துகள் ஒவ்வொன்றும் சில கதவுகளைத் திறந்து பல கதவுகளைச் சாத்துகின்றன. வணிகவியல் எடுத்தவருக்கு இன்ஜினியரிங் இல்லை. கணினி எடுத்தவருக்கு மருத்துவம் எட்டாது.

ஒரு வீட்டில் இந்த விண்ணப்பத்தை நடுவில் வைத்துக்கொண்டு நடந்த பேச்சை அருகிலிருந்து கேட்டேன். மகளுக்கு உயிரியலில் நல்ல மார்க். அப்பா பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை பார்ப்பவர்.

“நைனா, நான் பி.சி.எம்.பி. எடுத்துக்கறேன்.”

“எடு பாப்பா, வாணாங்கல. ஆனா அதுக்கு டியூஷன் போவணுமாமே. போயிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சி மார்க் வரலன்னா?”

“வந்துடும் நைனா.”

“வரலன்னா இன்னா பண்றதுன்னுதான் கேக்கறேன். காமர்ஸுன்னா எப்படியும் ஒரு வேலை கெடைக்கும்.”

அந்த அப்பாவைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் மகளின் ஆசையை மறுக்கவில்லை. ஆசை தவறிப்போனால் திரும்பி வர வழி உண்டா என்று கேட்கிறார். பெங்களூரில் அவர் காவல் காக்கும் கட்டடத்துக்குள்ளே ஒரு பையன் இன்ஜினியரிங்கில் ஓராண்டு படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று விட்டு, டிசைன் படிக்கப் போகலாம். அவனுக்கு அது ஒரு வருடச் செலவு. இவர் மகளுக்கு அதே ஒரு வருடம் வட்டிக்கு வாங்கிய பணம், தம்பியின் படிப்பு, ‘பொண்ணுக்கு எதுக்கு இவ்ளோ’ என்று கேட்கக் காத்திருக்கும் உறவுகள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, இருவரும் சமமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்வது பொய். எத்தனை பாடப்பிரிவு இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. எடுத்தது தவறிப்போனால் மேலே ஏறிவர வழி இருக்கிறதா என்பது முதல் கேள்வி.

இதைச் சுரங்கத் தொழில் ரத்தம் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1862 ஜனவரியில் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில், ஹார்ட்லி என்ற நிலக்கரிச் சுரங்கத்தில், நீர் இறைக்கும் எஞ்சினின் பெரும் இரும்பு உத்திரம் முறிந்து ஷாஃப்ட்டுக்குள் விழுந்தது. அந்தச் சுரங்கத்துக்கு அந்த ஒரு ஷாஃப்ட்தான். இறங்கவும் அதுவே, ஏறவும் அதுவே, காற்று வரவும் அதுவே. அடைத்துக்கொண்டது. 204 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் சிறுவர்கள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் செய்தது: இனி ஒரு சுரங்கத்துக்கு வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டும். அந்த விதி உலகமெங்கும் பரவியது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க விதிமுறைகளிலும் அது உண்டு. மேற்பரப்புக்கு வந்து சேர இரண்டு தனித்தனி வாசல் இல்லாத சுரங்கத்தில் ஆளை வேலைக்கு இறக்கக் கூடாது. தங்கவயலில் மேஸ்திரியாக இருந்த எவரைக் கேட்டாலும் இது தெரியும். சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு நாம் உறுதி செய்த இந்த நியாயத்தை, வாழ்க்கைக்குள் இறங்குகிற பிள்ளைக்கு ஏன் உறுதி செய்யவில்லை?

இரண்டாவது வாசல்கள் சில இருக்கவே செய்கின்றன. அவற்றைச் சொல்ல ஆள் இல்லை. ஐ.டி.ஐ. என்றாலே படிப்பு வராதவன் போகும் இடம் என்ற நினைப்பு ஊரில் ஆழமாக இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். பத்தாவது முடித்த ஒரு பையன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ இரண்டு ஆண்டு படிக்கிறான். தேறினால் டிப்ளமாவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கே இரண்டு ஆண்டு. டிப்ளமா முடித்தவர்களுக்கான நுழைவுத் தேர்வை எழுதி இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கே மூன்று ஆண்டு. மொத்தம் ஏழு. பி.யூ.சி. வழியாகப் போகிறவனுக்கு இரண்டும் நாலும் ஆறு. வித்தியாசம் ஒரே ஒரு வருடம். அந்த ஏழு ஆண்டில் இரண்டு இடங்களில் நின்று, கையில் ஒரு தொழிலோடு சம்பாதித்து, பிறகு தொடரலாம். ஃபிட்டரின் கை தெரிந்த இன்ஜினியருக்கு ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் மதிப்பைப் பெமலில் வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். ஆனால் ஐ.டி.ஐ. முடித்தவரை அப்ரன்டிஸாகச் சேர்த்துக்கொள்ளும் கம்பெனி, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே ஐ.டி.ஐ. முடித்த பையன் காண்ட்ராக்ட் வேலைக்குள் விழுந்து, மேலே படிக்கும் வழியை மறந்துபோகிறான். வழி இருந்தும் நடக்க முடியாமல் போவது இப்படித்தான்.

உயிரியல் எடுக்காதவருக்கு மருத்துவம் எட்டாது என்று மேலே சொன்னேன். 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சுவரிலும் ஒரு வாசலை வைத்தது. இயற்பியலும் வேதியியலும் படித்தவர், பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம். இதைத் தெரிந்துவைத்திருக்கும் மாணவர்கள் பெரும்பாலும் தனியார் கோச்சிங் மையங்களில் இருக்கிறார்கள். லைன்களில் இருக்கும் பிள்ளைக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் வேலை? ஒவ்வொரு பள்ளியின் வேலையும்.

தங்கவயலுக்கென்றே உள்ள தடைகளும் உண்டு. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் மூலையில் இந்த ஊர். வேலூரும் கிருஷ்ணகிரியும் குப்பமும் பக்கத்தில். உறவுகள் அங்கேதான். ஆனால் கர்நாடகத்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டின் மாநில இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. கர்நாடக அரசு வேலைக்குக் கன்னடத் தேர்வு உண்டு. தமிழ்வழியில் படித்த பிள்ளை, பெங்களூரில் ஆங்கிலமும், அரசு அலுவலகத்தில் கன்னடமும், வீட்டில் தமிழும் பேசி வளர்கிறது. பல மொழி தெரிந்த இந்தப் பிள்ளைகள் எந்த நாட்டுக்கும் சொத்து. அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கன்னடத்தை நன்றாகப் படியுங்கள், தமிழை விடாதீர்கள். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் உங்கள் ஒரு வாசலை அடைக்கிறார்.

கண்ணில் படாத வாசல் இல்லாத வாசலுக்குச் சமம். 1965இல் தங்கவயலின் அடியில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்து பூமியைத் துளைத்து வரும் நியூட்ரினோவின் தடயத்தை விஞ்ஞானிகள் பிடித்தார்கள். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து செய்த ஆய்வு அது. உலகிலேயே முதல் பதிவுகளில் ஒன்று. மேலே இருக்கும் பாறை மற்றக் கதிர்களை வடிகட்டிவிடும் என்பதால்தான் அந்த ஆழம் தேவைப்பட்டது. அந்தப் பாறையைக் குடைந்தது நம் தாத்தாக்கள். அவர்கள் வெட்டிய குகையில் உலக இயற்பியலின் ஒரு பக்கம் எழுதப்பட்டது. ஆனால் இயற்பியல் என்பது ஒரு பிழைப்பாகவும் இருக்க முடியும், அதைச் செய்கிறவர்கள் தன் வீட்டுக்குக் கீழேயே வேலை பார்க்கிறார்கள் என்று அந்த நாளில் ஒரு லைன் பிள்ளைக்கு உறைத்திருக்குமா? தான் பார்க்கிற ஐந்தாறு வேலைகளிலிருந்துதான் எந்தப் பிள்ளையும் தேர்ந்தெடுக்கும். பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988இல் இங்கேதான் தொடங்கியது. ஏர்பிளாஸ்ட்டைக் காதால் கேட்டு அறிந்த ஊர் இது. அந்த அறிவைப் படிப்பாக மாற்றிக்கொள்ள இந்த ஊர்ப் பிள்ளைகளைவிடத் தகுதியானவர் யார்? நகரத்துக்கு ஒரு தொழில் வந்தால் போதாது. பள்ளிப் பிள்ளை அதன் வாசலில் நின்று உள்ளே பார்க்க வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மைன்ஸ் காலத்தில் அப்பாவின் வேலை மகனுக்குப் போனது. மகளுக்குப் போக எதுவும் இல்லை. அண்டர்கிரவுண்ட் வேலை பெண்களுக்குச் சட்டப்படி மூடியிருந்தது. அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வெளியே தன் தொழிலைத் தேடிக்கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் பெண்களிடம் முன்பே வந்துவிட்டது. டீச்சராக, நர்ஸாக, டைப்பிஸ்டாக ஆன அக்காமார்கள், சித்திமார்கள் ஒவ்வொரு லைனிலும் உண்டு. மைன்ஸ் மூடி ஆண்கள் திகைத்து உட்கார்ந்த நாட்களில் பல வீடுகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவர்கள். இன்று பத்தாவது முடிக்கும் ஒரு பெண்ணுக்கு நல்ல ஆலோசகர் வேண்டுமென்றால் மூன்று வீடு தள்ளிப் போனால் போதும்.

இனி, அரசு செய்ய வேண்டியதற்கு வருகிறேன். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை இந்த ஊரின் பல்லாயிரம் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. அது இல்லையென்றால் இவர்களில் பலர் பத்தாவதோடு நின்றிருப்பார்கள். அதன் விதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒன்று: ஒரு நிலைப் படிப்பை முடித்தவர், அதே நிலையில் வேறு பாடத்தைப் படிக்க வந்தால் உதவித்தொகை கிடையாது. வணிகவியலில் பி.யூ.சி. முடித்த பெண், தவறு செய்துவிட்டேன், அறிவியல் படிக்க வேண்டும் என்று திரும்பி வந்தால் பணம் இல்லை. ஒரே ஆள் இரண்டு முறை வாங்கிவிடக் கூடாது என்ற சிக்கன எண்ணத்தில் எழுதிய விதி. ஆனால் அதன் பொருள் என்ன? பணம் உள்ள வீட்டுப் பிள்ளை மனம் மாறலாம், ஏழைப் பிள்ளை மாறக் கூடாது. பதினாறு வயதில் எழுதிய நாலு எழுத்துக்கு ஆயுள் முழுவதும் கட்டுப்பட வேண்டும். உதவி செய்ய வந்த கையே ஒரு ஷாஃப்ட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடைக்கிறது.

இந்த விதியை மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது பாடம் மாற்றிக்கொள்ளும் உரிமையை, உதவித்தொகையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அரசுக்கு இதனால் ஆகும் செலவு பெரிதல்ல, ஏனென்றால் எல்லோரும் மாறப் போவதில்லை. ஆனால் மாறலாம் என்ற உறுதி இருந்தால், அந்தக் காவல்காரரின் வீட்டில் நடந்த பேச்சு வேறு மாதிரி நடக்கும். ‘வரலன்னா?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கும். பயத்தில் எடுக்கும் பாடங்கள் குறையும். இரண்டாவது வழி இருப்பதாலேயே முதல் வழியில் துணிந்து இறங்க முடியும்.

இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பி.யூ. விண்ணப்பம் கொடுக்கும் அன்றே, எதிலிருந்து எதற்கு மாறலாம் என்ற கணக்கை ஒரு தாளில் அச்சிட்டுத் தமிழிலும் கன்னடத்திலும் பள்ளிகள் கொடுக்கலாம். ஐ.டி.ஐ.யில் படிக்கும் பிள்ளையிடம் டிப்ளமா வழியைச் சொல்லாத ஆசிரியர் ஒருவரும் இருக்கக் கூடாது. பெங்களூரில் நிலைபெற்றுவிட்ட தங்கவயல்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பொறியாளர்கள், வழக்கறிஞர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள், சொந்தமாக லேத் பட்டறை வைத்தவர்கள். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, தாங்கள் வந்த வழியைச் சொல்லட்டும். எங்கே தவறினோம், எப்படித் திரும்பினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். வெற்றியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, முதல் தோல்வியிலேயே தன்னைத் தோற்றவன் என்று எழுதிவிடுகிறது. ஷிஃப்ட் முடிந்து ‘தமிழன்’ படிக்க ஒன்றுகூடிய மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். இப்படி ஒரு கூட்டம் நமக்குப் புதிதல்ல.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பிடித்தது எது என்று பதினாறு வயதில் தெரியாவிட்டால் அது உங்கள் குறை அல்ல. நீங்கள் பார்த்தது குறைவு, அவ்வளவுதான். இன்றைக்கு அறிந்தவற்றுள் நல்லதை எடுங்கள். எடுத்ததை உழைத்துப் படியுங்கள். அது உங்களுடையது இல்லை என்று பிறகு தெரிந்தால், வெட்கப்படாமல் வீட்டில் சொல்லுங்கள். பெற்றோருக்கும் இதையே சொல்வேன்: அந்த நாளில் உங்கள் பிள்ளை வந்து நின்றால், செலவான வருடத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். கைரேகை வைக்க மாட்டோம், விட்டுப்போகும் உரிமையை இழக்க மாட்டோம் என்று மூன்று வாரம் பட்டினி கிடந்த ஊர் இது. அந்த உரிமையை நம் வீட்டுக்குள்ளே நம் பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்போம். பிறகு அரசிடமும் கேட்டு வாங்குவோம்.